இரவுக்கு வீடு இருக்கிறது. பகலுக்கு யார் இருக்கிறார்கள்?

பட்டிமன்ற மேடைகளில் சலிக்காமல் ஓடும் தலைப்புகளில் ஒன்று, பெற்றோரைப் பேணுவதில் சிறந்தவர் மகனா மகளா என்பது. முதியோர் இல்லம் என்ற சொல் வந்ததும் அரங்கம் கண்கலங்கும். பிள்ளைகளைச் சபித்து, கூட்டுக் குடும்பத்தைப் போற்றி, கைதட்டலோடு முடியும். முதுமை பற்றி நம் சமூகம் பொதுவெளியில் பேசுவதெல்லாம் ஏறக்குறைய இவ்வளவுதான். ஒன்று மருமகள், இல்லையென்றால் முதியோர் இல்லம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பகல்நேர முதியோர் மையம். காலையில் வண்டி வந்து அழைத்துப் போகும். அங்கே உணவு, மாத்திரை, குளியல், கைகால்களுக்குப் பயிற்சி, பேச்சுத் துணை எல்லாம் கிடைக்கும். மாலையில் வண்டி திரும்பக் கொண்டுவந்து விடும். இரவில் தன் வீட்டில், தன் பேரப்பிள்ளைகளுக்குப் பக்கத்தில், தன் பாயில் படுத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 'அன்புச்சோலை' என்ற பெயரில் இப்படி 25 மையங்களை, 10 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், மாநகரப் பகுதிகளுக்கு அறிவித்தது. வரவேற்கிறேன். ஆனால் சாதி ஒழிப்பில் அக்கறை உள்ளவர்கள் இதை 'இன்னொரு நலத்திட்டம்' என்று கடந்துவிடக் கூடாது. ஏனென்றால் இந்த மையம் வேறு யாரையும்விட உழைக்கும் சாதிகளுக்கு, அதிலும் தலித் குடும்பங்களுக்கு, தேவைப்படுகிறது. அவர்களைக் கணக்கில் வைத்துக் கட்டப்படாவிட்டால் அது ஊர்த்தெருவின் இன்னொரு திண்ணையாகத்தான் முடியும்.

கூட்டுக் குடும்பம் யாருடையது?

கூட்டுக் குடும்பம் முதியவர்களைத் தாங்கியது என்கிறார்கள். எந்தத் தெருவில்? பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் ஒரு பெண் இருந்தால்தான் அந்தச் சித்திரம் நிறைவு பெறும். மாமியாருக்கு வேளைக்குச் சமைத்துப் போட்டு, மாமனாரைக் குளிக்க வைத்து, இரவில் எழுந்து கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகும், ஊதியமில்லாத ஒரு மருமகள். நிலம் இருந்த, பெண்ணைக் கூலி வேலைக்கு அனுப்பாததைக் கௌரவமாகக் கருதிய சாதிகளின் வீடு அது. அந்த வீட்டில் அந்தப் பெண் பட்ட பாடு தனிக்கதை. ஆனால் அந்த வீட்டைத்தான் 'தமிழ்ப் பண்பாடு' என்று நம் எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள்.

நான் வளர்ந்தது விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சேரி. எங்கள் தெருவில் பகலில் வீட்டில் இருக்கும் மருமகளை நான் பார்த்ததில்லை. நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு, செங்கல் சூளை, சித்தாள் வேலை என்று காலை ஏழு மணிக்கெல்லாம் தெரு காலியாகிவிடும். மிஞ்சுவது நாய்களும் கோழிகளும் கிழவிகளும்தான்.

எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம். என் ஆயாவுக்கு இடுப்பெலும்பு முறிந்த பிறகு, கடைசி சில ஆண்டுகள் தானாக எழ முடியவில்லை. அம்மா வேலைக்குக் கிளம்பும்போது ஒரு குண்டானில் கஞ்சி, ஒரு சொம்பு தண்ணீர், கோழி விரட்ட ஒரு குச்சி மூன்றையும் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போவார். மாலையில் திரும்பி வந்து பார்த்தால் கஞ்சி பாதி குறைந்திருக்கும். சொம்பில் தண்ணீர் அப்படியே இருக்கும். குடித்தால் சிறுநீர் வரும், தூக்கிவிட ஆள் இல்லை என்று ஆயா பகலில் தண்ணீர் குடிக்க மாட்டார். அம்மாவுக்கு இது தெரியும். ஒருநாள் கூலியை விட்டால் மறுநாள் உலை வைக்க முடியாது என்பதும் தெரியும்.

இதில் எங்கே அன்பு குறைந்தது? இரவில் ஆயா எங்கள் நடுவில்தான் படுத்திருந்தார். அவரை எங்கேயாவது சேர்த்துவிட வேண்டும் என்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை. அவரும் அதைக் கேட்டிருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பார். எங்களுக்கு இல்லாமல் போனது காலை ஏழிலிருந்து மாலை ஆறுவரை கூட இருக்க ஓர் ஆள். அவ்வளவுதான்.

நூறு நாள் வேலைத் தளங்களில் வயதான பெண்கள் குவிந்ததை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். கூலி முக்கியம்தான். அதோடு அங்கே பேச ஆள் இருந்தது, மரநிழல் இருந்தது, ஒருத்தி மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளிக்க இன்னொருத்தி இருந்தாள். 'வேலை செய்யாமல் கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்' என்று நிலவுடைமைச் சாதிகள் கேலி பேசின. அரசுக்கே தெரியாமல் அந்த வேலைத் தளம் கிராமத்துக் கிழவிகளின் பகல்நேர மையமாக இருந்திருக்கிறது.

பண்பாட்டுப் பெருமை பேசுவோர் தலைக்கூத்தலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். படுக்கையில் விழுந்த முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகடிக்கும் வழக்கம் தென்மாவட்டங்களில் இருந்ததை 2010-இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த செய்திகள் நாடறியச் செய்தன. பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை, காசும் இல்லை என்ற நிலையில் குடும்பத்தின் 'புனிதம்' எதுவரை போகும் என்பதற்கு அது சான்று.

சட்டத்துக்குத் தெரிந்த இரண்டு கதவுகள்

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இரண்டு வழிகளைத்தான் காட்டுகிறது. ஒன்று, தீர்ப்பாயத்துக்குப் போய்ப் பிள்ளையிடம் பராமரிப்புத் தொகை கேட்பது. அதற்கு மாதம் 10,000 ரூபாய் என உச்சவரம்பு. இன்னொன்று, ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும் அளவில், மாநில அரசுகள் அமைக்கலாம் என்பது.

சித்தாள் வேலைக்குப் போகும் மகளிடம் தீர்ப்பாயம் எதை வாங்கிக் கொடுக்கும்? மாவட்டத் தலைநகரில் இருக்கும் இல்லத்துக்குப் போனால், ஐம்பது ஆண்டுகள் பழகிய தெருவும் மனிதர்களும் யாருக்கு மிஞ்சுவார்கள்? சட்டத்தை வரைந்தவர்களின் கற்பனையில் பிள்ளை என்றால் பணம் இருந்தும் மனம் இல்லாதவன். மனம் இருந்தும் நேரம் இல்லாத பிள்ளையை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. 2019-இல் கொண்டுவந்த திருத்த மசோதாவில் பகல்நேர மையங்களும் வீட்டுக்கே வந்து பராமரிக்கும் சேவைகளும் இடம்பெற்றன. மசோதா சட்டமாகாமலேயே காலாவதியானது.

ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டால், தமிழ்நாடு 1962-லேயே முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கிய மாநிலம். 2023-இல் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதில் 80 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு இன்னும் 200 ரூபாய்தான். இந்தத் தொகை மாத்திரைக்கும் வெற்றிலைபாக்குக்கும் ஆகும், ஆள் வைத்துக்கொள்ள ஆகாது.

பணம் இருப்பவர்களுக்குச் சந்தை மூன்றாவது கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கோவையைச் சுற்றி முளைத்திருக்கும் மூத்தோர் குடியிருப்புகளின் விளம்பரங்களைப் பாருங்கள். சைவச் சமையல் மட்டும், வளாகத்துக்குள் கோயில், மாலையில் பஜனை. சாதியின் பெயர் எங்கும் இருக்காது. சமையலறையும் கோயிலும் சொல்லாமலே சொல்லிவிடும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் அக்கிரகாரம் அடுக்குமாடியாகத் திரும்பிவருகிறது.

ஆயா என்ற சொல்

எங்கள் ஊரில் பாட்டியைக் குறிக்கும் ஆயா, நகரத்து மருத்துவமனையில் வேறு ஆளைக் குறிக்கிறது. மலச்சட்டி எடுப்பவர், நோயாளியைத் துடைப்பவர், டயாபர் மாற்றுபவர். பெண்களின் ஊதியமற்ற, குறைவூதிய உழைப்பைப் பற்றி ஆய்வு செய்துவருகிற நான் இந்த வேலையில் இருக்கும் பெண்களிடம் நிறையப் பேசியிருக்கிறேன். சென்னையில் வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் முகமை ஒன்றின் மூலம் வேலைக்குப் போகும் ஒருவர் சொன்னார்: "பாட்டியம்மா உடம்ப முழுக்க நான் தொடலாம், அவங்க அடுப்ப மட்டும் தொடக் கூடாது." அவர் வேலை பார்த்த வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். அந்தத் தட்டை அவரே கழுவிப் பால்கனியில் கவிழ்த்து வைக்க வேண்டும்.

சாதி வேலைகளைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்பவர்களையும் மேல்கீழாக அடுக்கிப் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936-இல் விளக்கினார். முதியோர் பராமரிப்பில் அந்த அடுக்கைக் கண்ணால் பார்க்கலாம். முதுமையின் மலமும் சிறுநீரும் ஒருநாள் எல்லோர் வீட்டுக்கும் வரும். அதை அள்ளும் கை மட்டும் பெரும்பாலும் ஒரு சில சாதிகளிலிருந்து வருகிறது. அந்தக் கையின் சொந்தத் தாய், அதே நேரத்தில், தண்ணீர் குடிக்காமல் எங்கேயோ படுத்துக் கிடக்கிறார்.

பகல்நேர மையம் இந்த முடிச்சை இரண்டு முனையிலும் தளர்த்தக்கூடியது. கூலிக்காரியின் தாய்க்குப் பகலில் ஓர் இடம் கிடைக்கும். இன்று நான்கு சுவருக்குள், யார் கண்ணிலும் படாமல், எஜமானியின் தயவில் நடக்கும் பராமரிப்பு வேலை, பொது இடத்தில் சம்பளமும் பணிநேரமும் சங்கமும் உள்ள வேலையாக மாறலாம். மாறலாம் என்றுதான் சொல்கிறேன். தானாக மாறாது.

வேறு இடங்களில் எப்படி வந்தது?

அமெரிக்காவில் முதியோரை மருத்துவப் பராமரிப்பு இல்லங்களில் சேர்ப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், சான்பிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் ஏழைக் குடியேறிகள் அதை ஏற்கவில்லை. தங்கள் மொழி பேசாத, தங்கள் சோறு கிடைக்காத இடத்தில் கிடந்து சாக அவர்கள் தயாராக இல்லை. 1970-களின் தொடக்கத்தில் 'ஆன் லோக்' என்ற அமைப்பு அங்கே பகல்நேர மையத்தைத் தொடங்கியது. மருத்துவர், செவிலியர், உணவு, வண்டி எல்லாம் ஒரே கூரையின் கீழ், இரவில் அவரவர் வீடு. அந்த மாதிரி நாடு முழுவதும் பரவி, 1997-இல் அரசுக் காப்பீட்டின் நிரந்தரப் பகுதியானது. இனவெறியால் ஒதுக்கப்பட்ட ஒரு பகுதியின் ஏழைகளிடமிருந்து வந்த யோசனை அது.

1999-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிப் பெண்கள் இருவர் தொடுத்த ஓம்ஸ்டெட் வழக்கு அது. சமூகத்துக்குள்ளேயே வாழ முடிந்தவர்களைத் தேவையின்றி நிறுவனங்களுக்குள் ஒதுக்கி வைப்பது பாகுபாடு என்றது நீதிமன்றம். சேரி என்ற ஒதுக்கலை அறிந்த நமக்கு அந்த வாதம் உடனே புரியும். 2011-இல் கலிபோர்னியா அரசு நிதிப் பற்றாக்குறையைக் காட்டிப் பகல்நேர மையங்களுக்கான நிதியை நிறுத்த முனைந்தபோது, அவற்றை நம்பியிருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அரசு சமரசத்துக்கு வந்தது. 2012-இல் வேறு பெயரில் திட்டம் தொடர்ந்தது. உரிமை என்று சொல்ல ஒரு சட்டம் இருந்ததால் அவர்களால் வழக்காட முடிந்தது. நம் ஊரில் நிதிநிலை அறிக்கையில் ஒரு பத்தியாக வந்த திட்டம் அடுத்த ஆண்டு அறிக்கையில் காணாமல் போனால் எந்தக் கதவைத் தட்டுவது?

ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு முதல் நீண்டகாலப் பராமரிப்புக்குக் கட்டாயக் காப்பீடு இருக்கிறது. 40 வயதைத் தாண்டிய எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். பராமரிப்புத் தேவைப்படும்போது பெரும்பாலோர் செலவில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும். பகல்நேர மையத்தின் வண்டி வீட்டு வாசலுக்கு வருவது அங்கே அன்றாடக் காட்சி. அவ்வளவு தொலைவு போக வேண்டாம் என்றால், பக்கத்தில் கேரளத்தில் உள்ளாட்சிகள் 'பகல் வீடு' நடத்துகின்றன. உள்ளாட்சியின் கையில் பணமும் அதிகாரமும் கொடுத்ததால் அது நடந்தது.

இடம், உலை, கூலி

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. சுமார் 12,500 ஊராட்சிகள் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படியே பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். இங்கே 25 மையங்கள் என்பது முன்னோட்டத்துக்குச் சரி. விரிவுபடுத்தும்போது மூன்று கேள்விகளை இப்போதே கேட்க வேண்டும்.

முதல் கேள்வி, மையம் எங்கே? ஊர்ப் பகுதியில் கோயில் பக்கத்தில் வைத்தால் எங்கள் தெருக் கிழவிகள் வர மாட்டார்கள். யாரும் தடுக்க வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்கப் பழக்கப்படுத்திய கால்கள் அந்த வாசலில் தாமாகவே நின்றுவிடும். ஒரு கிராம சபைக் கூட்டத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடக்க, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி தரையில் உட்கார்ந்திருந்தார். "மேல உக்காருங்கம்மா" என்றேன். எதிரில் இருந்தவரைக் கண்ணால் காட்டி, "அவரு வூட்ல வேல செஞ்சவ நான், இங்கியே இருக்கட்டும்" என்றார். வேலையை விட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025-இல் அறிவித்த அரசு, மையத்தை அந்தச் சொல்லால் அழைக்கப்பட்ட இடத்திலேயே கட்டட்டும். ஊர்த்தெரு முதியவர்கள் வண்டியில் ஏறி அங்கே வரட்டும். ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று என்று இரண்டு கட்டினால் அது சுடுகாட்டுப் பாகுபாட்டுக்கு முன்னுரையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது கேள்வி, உலை யார் கையில்? சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்துப் பெரியார் நின்று நூறாண்டு ஆகிறது. 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். போராட்டத்துக்குப் பிறகுதான் அவர் அங்கே சமைக்க முடிந்தது. 2023-இல் காலை உணவுத் திட்டம் விரிந்தபோதும் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து இதேபோன்ற செய்திகள் வந்தன. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் நேரில் போய் உட்கார்ந்து உண்டார்கள். முதியோர் மையத்திலும் இது நடக்கும். குழந்தைகளுக்குச் சாதியைச் சொல்லிக் கொடுத்தவர்களே இங்கே பந்தியில் உட்காரப் போகிறார்கள். 'பெரியவர்கள், பழக்கத்தை மாற்ற முடியாது' என்று அதிகாரிகள் தனிப்பந்திக்கு இரங்குவார்கள். இரங்கக் கூடாது. சமையலர் பணியில் இடஒதுக்கீட்டையும், ஒரே பந்தி என்பதையும் அரசாணையிலேயே எழுத வேண்டும்.

மூன்றாவது கேள்வி, கூலி எவ்வளவு? அங்கன்வாடி ஊழியர்களுக்கு இன்றும் சம்பளம் என்று சொல்லாமல் மதிப்பூதியம் என்கிறார்கள். பணிக்கொடை அவர்களுக்கு உண்டு என்று சொல்லவே 2022-இல் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது. 2021-இல் தொடங்கி வீடுவீடாக இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைக் கொண்டுசேர்க்கும் மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர்களுக்கு ஊக்கத்தொகைதான். 'சேவை', 'தாயுள்ளம்', 'அன்பு' என்ற சொற்கள் வரும் இடத்தில் பெண்களின் கூலி குறைவதை நாம் பார்த்திருக்கிறோம். அன்புச்சோலை என்ற பெயரிலும் அந்த ஆபத்து இருக்கிறது. முதியவரைக் குளிப்பாட்டுவது பயிற்சி தேவைப்படும் தொழில். தூக்கும் முறை தெரியாவிட்டால் தூக்குபவரின் முதுகும் போகும், தூக்கப்படுபவரின் எலும்பும் போகும். அதற்குக் காலமுறை ஊதியம், கையுறை, விடுப்பு, ஓய்வூதியம் வேண்டும். துப்புரவு வேலை ஒரு சாதிக்கும் மேசை வேலை இன்னொரு சாதிக்கும் போகாதபடி, எல்லாப் பணியாளர்களும் எல்லா வேலையும் சுழற்சியில் செய்ய வேண்டும்.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். ஒன்று, பகல்நேர மையம் எல்லோருக்கும் தீர்வாகாது என்பது. சரிதான். முழுவதும் படுக்கையில் இருப்பவர்களுக்கும், யாருமே இல்லாதவர்களுக்கும், சொந்த வீட்டிலேயே அடிபடும் முதியவர்களுக்கும் தங்கும் இல்லங்கள் வேண்டும். அவையும் அரசு நடத்துவதாக, கௌரவமாக வாழக்கூடியதாக இருக்க வேண்டும். ஆனால் பகலில் ஓர் ஆள் இல்லாத ஒரே காரணத்துக்காக யாரும் அங்கே போக நேரக் கூடாது.

இன்னொரு மறுப்பு பெண்ணியத் தோழர்களிடமிருந்து வருவது. இரவைக் குடும்பத்திடமே விட்டால் அது மறுபடியும் பெண்ணின் தலையில்தானே விழும்? விழும். ஆண்கள் பங்கெடுக்காதவரை எந்த மையமும் அதை மாற்றாது. ஆனால் பகலில் வேலைக்குப் போய்த் தன் பெயரில் கூலி வாங்கும் பெண், இரவில் "நீ எழுந்து பார்" என்று கணவனிடம் சொல்லும் வலுவோடு இருப்பாள். பகலும் இரவும் கட்டிப்போடப்பட்டவளுக்கு அதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் படிக்கும், வேலை பார்க்கும் தோழர்கள் அடுத்த கூட்டத்துக்கு ஊருக்குப் போங்கள். போவதற்கு முன் உங்கள் தெருவில் பகலில் தனியாக இருக்கும் முதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் ஊராட்சிக்கு ஒரு பகல்நேர முதியோர் மையம் வேண்டும், அது சேரிப் பகுதியில் வேண்டும், ஒரே உலை, ஒரே பந்தி, காலமுறை ஊதியம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். எதிர்ப்பவர்கள் யார், எந்த வரியை எதிர்க்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதியோர் மையமே வேண்டாம் என்று பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். இடத்தையும் உலையையும் பற்றிப் பேச்சு வரும்போதுதான் சத்தம் எழும். தீர்மானத்தில் அந்த இரண்டு வரிகளையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.